இடிந்த நகரமும் கவுன்சிலர் தேர்தலும்: வேட்பாளரிடம் என்ன கேட்பது?

வெள்ளமோ தீயோ நிலநடுக்கமோ ஒரு நகரத்தைப் புரட்டிப் போட்ட பிறகு வருகிற முதல் மாமன்றத் தேர்தலில் எல்லா வேட்பாளர்களின் துண்டறிக்கையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். வீடு, சாலை, தண்ணீர், பள்ளி, வேலை, பூங்கா என்று யாரும் எதையும் விட்டுவைப்பதில்லை. துண்டறிக்கையில் காணாமல் போவது வரிசை. எது முதலில், எது பிறகு, அந்தப் பிறகு வரைக்கும் காத்திருக்கப்போவது யார்? கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கின்றன.

பெரிய பணமெல்லாம் மேலே இருந்துதானே வருகிறது? கவுன்சிலர் என்ன செய்துவிட முடியும்?

பணம் மேலே இருந்துதான் வருகிறது. ஆனால் வீடு கட்டுகிறவர் கையில் வரைபடத்தோடு போய் நிற்பது மாநகராட்சி கவுன்டரில்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சைப் பாருங்கள். 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் அங்கே 185 பேர் இறந்தார்கள். மறுகட்டுமானத்துக்கென்றே நாட்டின் அரசு தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. இனி மாமன்றத்துக்கு என்ன வேலை என்று தோன்றக்கூடிய நிலைமை. ஆனால் கட்டட அனுமதி கொடுக்கும் வேலை மாமன்றத்திடமே இருந்தது. விண்ணப்பங்கள் மலைபோலக் குவிந்தன, பரிசீலனை தடுமாறியது. கடைசியில் 2013 ஜூலையில் அனுமதி வழங்குவதற்கான அங்கீகாரத்தையே அந்த மாநகராட்சி இழந்தது. அரசு ஒரு மேலாளரை அனுப்பி அந்தத் துறையைச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. அங்கீகாரம் திரும்பக் கிடைத்தபோது 2014 முடியப்போகிறது. ஊரே வீடு கட்ட வேண்டிய காலத்தில் ஊரின் அனுமதி மேசைக்கே அனுமதி இல்லாமல் போனது.

ஆகவே கவுன்சிலரின் கை சிறியது என்று நினைத்துவிடாதீர்கள். அனுமதி, கட்டட விதிகள், நில உபயோகம், சொத்துவரிச் சலுகை, குப்பை, வடிகால், உள்சாலை, ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் என்று அன்றாடம் உறுத்துகிற விஷயங்களில் பாதி அங்கேதான் முடிவாகின்றன. அதே சமயம், "வீட்டுக்கு இவ்வளவு இழப்பீடு வாங்கித் தருகிறேன்" என்று ஒரு கவுன்சிலர் வேட்பாளர் சொன்னால், அவர் தன் பையில் இல்லாத பணத்தைப் பேசுகிறார்.

எல்லா அனுமதியும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஒற்றைச் சாளர முறை கொண்டுவருவேன் என்கிறாரே, நல்லதுதானே?

நல்லதுதான். சாளரத்துக்குப் பின்னால் எத்தனை பேர் உட்காரப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

ஒரு வரைபடம் உள்ளே போனதும் என்ன நடக்கிறது? அந்த மண்ணுக்கு அந்த அடித்தளம் தாங்குமா என்று ஒருவர் பார்க்க வேண்டும். தரைமட்டம் வெள்ளம் ஏறிய உயரத்துக்கு மேலே இருக்கிறதா, பக்கத்து மனைக்கு விட வேண்டிய இடம் விட்டிருக்கிறதா, கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறது, இதையெல்லாம் வேறு சிலர் பார்க்க வேண்டும். இதில் ஒரு காகிதம் குறைந்தாலும் கோப்பு திரும்பி வரும். வழக்கமாகச் சில நூறு வரைபடம் பார்க்கிற பிரிவுக்கு ஒரே ஆண்டில் ஆயிரக்கணக்கில் வந்தால், திரும்பிய கோப்பு மறுபடி வரிசையின் வாலுக்குப் போகும். விண்ணப்பித்தவர் அதுவரை வாடகை வீட்டில் இருப்பார். இடிந்த வீட்டின் கடன் தவணையும் கட்டிக்கொண்டிருப்பார்.

அப்புறம் பத்திரம். பத்திரம் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். வாரிசுகள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை. சாதாரண நாளில் இது குடும்பச் சண்டை. பேரிடருக்குப் பிறகு இதுவே உதவித்தொகைக்குத் தடை. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், தலைமுறைகளாகப் பெயர் மாற்றாமல் குடியிருந்த ஏராளமான குடும்பங்கள் சொந்த வீட்டுக்கே உரிமையை நிரூபிக்க முடியாமல் திண்டாடின. "கூடுதல் ஆய்வாளர்களை எங்கிருந்து எடுப்பீர்கள்? பத்திரச் சிக்கலுக்கு இலவச வழக்கறிஞர் உதவி உண்டா?" இந்த இரண்டையும் கேட்டால், கவுன்டரில் நின்று பார்த்தவர் யார், மேடையில் மட்டும் நின்றவர் யார் என்பது தெரிந்துவிடும்.

சரி, வரிசையில் முதலில் எது வர வேண்டும்?

என் கணக்கில் இடிபாடு, பிறகு தண்ணீரும் கழிவுநீரும், அதோடு சேர்த்தே அனுமதி மேசை. பூங்காவும் நினைவுச்சின்னமும் முக்கியம்தான், பின்னால் வரலாம். இடிபாடு அள்ளுவதில் என்ன கொள்கை வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றும். வேண்டும். எரிந்த வீட்டின் சாம்பலில் ஈயமும் கல்நார்த் (ஆஸ்பெஸ்டாஸ்) தூளும் இருக்கும்; பெயின்ட் டப்பா, பேட்டரி, கேஸ் சிலிண்டர் எல்லாம் உருகிக் கலந்திருக்கும். அதை எங்கே கொட்டுவது என்பதே ஓர் அரசியல் முடிவு. வழக்கமாக அது யாருக்கும் குரல் இல்லாத வார்டின் ஓரத்தில் போய் முடியும்.

கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதும் முக்கியம். 2017இல் கலிபோர்னியாவின் சான்டா ரோசா பகுதியில் தீக்குப் பிறகு இடிபாடு அகற்றியபோது, தேவைக்கு மேல் மண்ணைத் தோண்டிவிட்டார்கள் என்று மனை உரிமையாளர்கள் பலர் புகார் செய்தார்கள். ஒப்பந்தத்தில் கூலி டன் கணக்கில். எடைக்குக் காசு என்றால் மண்வெட்டி ஆழமாகத்தான் இறங்கும். பள்ளத்தை நிரப்பாமல் அந்த மனையில் அடித்தளம் போட முடியுமா?

தண்ணீர்க் குழாயைச் சரிசெய்வது பொறியாளர் வேலை. அதைத் தேர்தலில் ஏன் பேச வேண்டும்?

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊரைத் தீ விழுங்கியது. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். சுமார் 26,000 பேர் வாழ்ந்த ஊர். எரியாமல் தப்பிய வீடுகளும் சில இருந்தன. அங்கே திரும்பி வந்தவர்கள் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, பார்க்கத் தெளிவாக. அதைக் குடிக்கக் கூடாது என்றார்கள். குழாய்களில் அழுத்தம் விழுந்தபோது புகையும் நச்சும் உள்ளே உறிஞ்சப்பட்டிருந்தன. பிளாஸ்டிக் பாகங்களும் வெந்து வேதிப்பொருள் கசிந்திருந்தது. பென்சீன் என்கிற புற்றுநோய்க் காரணி தண்ணீரில் கலந்திருந்தது. ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்து, வேண்டிய இடத்தில் மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது.

எந்தத் தெருவில் முதலில் சோதிப்பது? வீடு தப்பியவர் தெருவிலா, வீடு போனவர் தெருவிலா? பொறியாளர் எப்படிச் சோதிப்பது என்று சொல்வார். யாருக்கு முதலில் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள் தேர்ந்தெடுக்கிறவர்.

பாரடைஸில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஊரில் பொதுக் கழிவுநீர்க் குழாய் அமைப்பு இல்லை. எல்லாம் செப்டிக் டேங்க். செப்டிக் டேங்க் ஊரில் நாலு மாடி அடுக்ககம் கட்ட முடியாது, பெரிய உணவகம் வைக்க முடியாது. "வாடகை வீடுகளை அதிகமாக்குவேன்" என்று ஒருவர் சொன்னால், மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா எனக் கேட்பதில் தப்பில்லை.

அதே ஆபத்தான இடத்திலேயே திரும்பக் கட்ட விடலாமா?

எந்த வேட்பாளரும் மேடையில் தொட விரும்பாத கேள்வி இது. தொட்டால் ஓட்டுப் போகும்.

கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் 80 சதவீதம் வெள்ளத்தில் மூழ்கியது. 2006 ஜனவரியில் மேயர் அமைத்த குழு ஒரு திட்டத்தை வெளியிட்டது. செய்தித்தாளில் வந்த வரைபடத்தில் சில குடியிருப்புகள் மேல் பச்சை வட்டங்கள். இங்கெல்லாம் பூங்காவோ திறந்தவெளியோ வரலாம் என்று அர்த்தம். ஊரை விட்டு வெளியேறி எங்கோ தங்கியிருந்த ஒருவர், தன் வீடு இருந்த இடத்தில் பச்சை வட்டம் இருப்பதைப் பேப்பரில் பார்க்கிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. வேறு மனையும் கையில் கொடுக்கவில்லை. மக்கள் கொதித்துப் போனார்கள். பிராட்மூர் என்ற பகுதி மக்கள் சங்கம் சேர்ந்து தங்கள் திட்டத்தைத் தாங்களே எழுதினார்கள். மேயர் பின்வாங்கினார். தாழ்வான பகுதிகளில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்ற உண்மையான விவாதமும் அந்தக் கோபத்தோடு சேர்ந்து புதைந்துபோனது. அதுதான் பெரிய நஷ்டம்.

கிறைஸ்ட்சர்ச்சிலும் கோடு போட்டார்கள். நிலநடுக்கத்தில் மண் குழம்பாகிவிட்ட பகுதிகளைச் சிவப்பு மண்டலம் என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய 8,000 வீடுகள். ஆனால் வரைபடத்தோடு விலையும் வந்தது. 2007 மதிப்பீட்டின்படி அரசு வாங்கிக்கொள்ளும் என்றார்கள். அங்கேயும் மனவருத்தம், வழக்கு எல்லாம் இருந்தன. இருந்தாலும் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டு இடம் பெயர்ந்தார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் வரை வீடு கட்டக் கூடாது என்றார்கள். படகையும் வலையையும் கரையில் விட்டுவிட்டு மீனவர் எவ்வளவு தூரம் போய்த் தூங்குவார்? அந்த விதியைப் பின்னால் தளர்த்த வேண்டிவந்தது.

"இந்த இடம் ஆபத்து" என்று சொல்கிற வேட்பாளரை நான் மதிப்பேன். அதோடு, வாங்கிக்கொள்ளப் பணம் எது, மாற்று மனை எங்கே, பிழைப்பு அங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் அவர் சொல்ல வேண்டும். "யாரையும் எங்கும் நகர்த்த மாட்டேன்" என்பவர் அடுத்த வெள்ளத்தை அடுத்த கவுன்சிலருக்கு விட்டுவைக்கிறார்.

வேகமாகக் கட்ட வேண்டுமா, யோசித்துக் கட்ட வேண்டுமா?

1666இல் லண்டன் எரிந்தபோது கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் சில நாட்களிலேயே அகலமான நேர்ச்சாலைகளோடு அழகான வரைபடம் ஒன்றை மன்னரிடம் கொடுத்தார். அது நடக்கவே இல்லை. மனை எல்லைகளை மாற்றுவதற்குள் ஊர் காலியாகிவிடும் என்று பழைய மனைகளிலேயே கட்ட விட்டார்கள். ஆனால் செங்கல்லும் கல்லும்தான் வேண்டும், மரச் சுவர் கூடாது என்று சட்டம் போட்டார்கள். சில தெருக்களை அகலமாக்கினார்கள். நிலக்கரிக்கு வரி போட்டுப் பணம் திரட்டினார்கள். குத்தகைதாரர் கட்டுவதா, உரிமையாளர் கட்டுவதா என்ற தகராறுகளைத் தீர்க்கவே தனி நீதிமன்றம் வைத்து விறுவிறுவென்று முடித்தார்கள். பெரிய கனவு போனது, உருப்படியான நாலு விதி நின்றது.

எதிர்ப்பக்கம் ஜப்பானின் ரிக்குசென்தகாத்தா. 2011 சுனாமியில் அழிந்த அந்த ஊரின் தரையையே பத்து மீட்டருக்கு மேல் உயர்த்த முடிவு செய்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையை வெட்டி, கன்வேயர் பெல்ட்டில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பொறியியலாகப் பார்த்தால் பிரமிப்பு. உயர்த்தி முடிப்பதற்குள் பலர் வேறு ஊரில் வேர்விட்டுவிட்டார்கள். மேடான மனைகளில் பல இன்னும் காலியாகவே கிடக்கின்றன.

ஜப்பானின் கோபே நகரத்தில் 1995 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டுமானத்துக்கு இரண்டு மாதத் தடை போட்டு, அந்த இரண்டு மாதத்துக்குள் நகரத் திட்டத்தை முடிவு செய்தார்கள். மக்கள் இன்னும் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களில் படுத்துக்கொண்டிருந்த நேரம். எதிர்ப்பு வெடித்தது. பெரிய சாலை, பூங்கா ஆகியவற்றின் சட்டகத்தை மட்டும் முதலில் நிறுத்தி, உள் விவரங்களைக் குடியிருப்போர் சங்கங்களோடு பேசித் தீர்ப்பது என்று இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். எனக்கு இது நியாயமான வழியாகப் படுகிறது. எதை இப்போதே முடிவு செய்ய வேண்டும், எது ஒரு வருடம் காத்திருக்கலாம் என்று வேட்பாளரால் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

சாலையை அகலமாக்க யார் நிலம் தருவது?

குஜராத்தின் புஜ் நகரத்தில் 2001 ஜனவரி 26 நிலநடுக்கம் பழைய கோட்டைப் பகுதியைத் தரைமட்டமாக்கியது. குறுகிய சந்துகளில் மாட்டித்தான் பலர் இறந்தார்கள் என்பதால் சாலைக்கு இடம் எடுத்தே ஆக வேண்டும். எல்லோரிடமும் ஒரே விகிதத்தில் எடுக்கவில்லை. மிகச் சிறிய மனையில் ஒன்றும் எடுக்காமல், மனை பெரிதாகப் பெரிதாகக் கூடுதல் பங்கு எடுத்தார்கள். ஒரு சென்ட் வைத்திருப்பவரிடம் பத்தில் ஒன்றை எடுத்தால் ஓர் அறை போகும்; பத்து சென்ட் வைத்திருப்பவருக்குத் தோட்டம்தான் குறையும். வேட்பாளரிடம் இந்த ஒரு விஷயத்தில் வாய்மொழி வேண்டாம், எழுதித் தரச் சொல்லுங்கள்.

நான் வாடகைக்கு இருந்தேன். எனக்கு இந்தத் தேர்தலில் என்ன இருக்கிறது?

உங்களைத்தான் முதலில் மறப்பார்கள். "வீடு இழந்தோர்" என்று எழுதும்போது மனதில் இருப்பது வீட்டு உரிமையாளர். வீடுகள் குறைந்ததும் மிச்சமிருக்கும் வீடுகளின் வாடகை ஏறும். உங்களுக்கு உதவித்தொகைப் பட்டியலில் இடம் இருக்காது.

உரிமையாளர்களுக்குள்ளும் சமநீதி தானாக வருவதில்லை. கத்ரீனாவுக்குப் பிறகு, நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலம் நடத்திய உதவித் திட்டத்தில் ஒரு கணக்கு இருந்தது: புயலுக்கு முந்தைய வீட்டு மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு, இரண்டில் எது குறைவோ அதன் அடிப்படையில் பணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே அளவில் இரண்டு வீடுகள், ஒரே அளவு சேதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மதிப்பு ஏறிய பகுதியில், இன்னொன்று மதிப்பு விழுந்த பகுதியில். சிமென்டும் கம்பியும் கொத்தனார் கூலியும் இரண்டு பேருக்கும் ஒரே விலை. ஆனால் இரண்டாவது வீட்டுக்காரருக்குக் கைக்கு வருவது குறைவு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில்தான் மதிப்பு குறைவாக இருந்தது. 2008இல் வழக்குப் போட்டார்கள், 2011இல் சமரசமானது. அதற்குள் ஆறு வருடம் ஓடிவிட்டது.

தற்காலிகக் குடியிருப்பு எவ்வளவு காலம்?

யாராவது "ஆறு மாதம்" என்றால் நம்ப வேண்டாம். கோபேயில் கடைசிக் குடும்பம் தற்காலிகக் குடியிருப்பை விட்டு வெளியேறியது 2000ஆம் ஆண்டில், ஐந்து வருடம் கழித்து.

காலத்தைவிட, யாரை எங்கே வைத்தார்கள் என்பதுதான் அங்கே வினையானது. முதியவர்களுக்கு முன்னுரிமை, குலுக்கலில் இடம். நல்ல எண்ணம்தான். விளைவு, எங்கெங்கிருந்தோ வந்த வயதானவர்கள் பக்கத்துக் கதவு யாருடையது என்று தெரியாமல் புறநகரில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். இறந்து பல நாள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டவர்கள் உண்டு. தனிமைச் சாவு என்ற சொல் ஜப்பானில் அப்போது பெரும் கவலையாகப் பேசப்பட்டது. 2004இல் நீகாத்தா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது பாடம் கற்றிருந்தார்கள்: ஊர் ஊராக, அக்கம்பக்கத்தைக் கலைக்காமல் குடிவைத்தார்கள். குலுக்கலைவிட இது மெதுவான வேலை. மெதுவாகவே இருக்கட்டும்.

மக்கள் கருத்தைக் கேட்டே செய்வேன் என்கிறார்.

கேட்பது எளிது. கிறைஸ்ட்சர்ச் மாமன்றம் 2011இல் கேட்டபோது ஒரு லட்சத்துக்கும் மேலான யோசனைகள் வந்தன. வண்ணத் தாள்களில் எழுதி ஒட்டினார்கள், குழந்தைகள் கட்டை அடுக்கிக் காட்டினார்கள். மாமன்றம் அதை வைத்து வரைவும் தயாரித்தது. 2012இல் நாட்டின் அரசு நகர மையத்துக்குத் தன் திட்டத்தை வெளியிட்டபோது மாநாட்டு மையமும் விளையாட்டு அரங்கும் பெரிதாக நின்றன. எனவே "கேட்ட பிறகு, மேலே இருப்பவர்கள் மாற்றினால் என்ன செய்வீர்கள்?" என்பதுதான் கேள்வி.

ஒப்பந்த ஊழலை எப்படித் தடுப்பது?

அவசரம் என்ற பெயரில் டெண்டர் இல்லாமல் கொடுக்கும் வேலைகளுக்குக் கால வரம்பு வேண்டும். பில்கள் பொதுவில் வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் மேயர் ரே நேகின் 2006இல் மறுபடி ஜெயித்தார். 2014இல் நகர ஒப்பந்தங்களுக்காக லஞ்சம் வாங்கிய வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போனார். மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முன்பைவிடச் சிறப்பான, பசுமையான நகரம் என்கிறாரே?

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள கிரீன்ஸ்பர்க் என்ற சிற்றூர் 2007 மே 4 சூறாவளியில் 95 சதவீதம் அழிந்தது. பெரிய நகரக் கட்டடங்களெல்லாம் உச்சபட்சப் பசுமைத் தரத்தில்தான் கட்டப்பட வேண்டும் என்று மாமன்றம் தீர்மானம் போட்டது, சொன்னபடி கட்டியும் காட்டியது. 2000 கணக்கெடுப்பில் 1,574 பேர் இருந்த ஊரில் 2010இல் இருந்தவர்கள் 777 பேர். நல்ல கட்டடம் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதையும் வேட்பாளர் தன் இலக்குகளில் சேர்த்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

நான் இன்னும் வெளியூரில்தான் தங்கியிருக்கிறேன். எனக்கு ஓட்டு உண்டா?

பல இடங்களில் உண்டு, ஆனால் தானாக வராது. 2006 தேர்தலில் நியூ ஆர்லியன்ஸ்காரர்களுக்காக லூசியானாவின் மற்ற நகரங்களில் வாக்குச்சாவடிகள் வைத்தார்கள். தபால் வாக்கும் இருந்தது. பக்கத்து மாநிலத்தில் ஒதுங்கியிருந்தவர்களில் சிலர் பேருந்தில் வந்து வாக்களித்தார்கள். புது ஊரில் முகவரி மாற்றும் முன் பழைய வார்டு வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, திரும்பி வரும் எண்ணம் இருந்தால் பெயர் நீடிக்குமா என்று தேர்தல் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இடிந்த வீட்டின் கதவெண்ணுக்கு வரும் கடிதங்கள் இப்போது யார் கைக்குப் போகின்றன என்பதையும் தபால் நிலையத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.